காற்றின் மேல் போடும் பழி

தொலைவில் இருக்கும் நீரேற்று நிலையமோ எண்ணெய்க் கிணறோ கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் அனுப்புவதை நிறுத்திவிட்டால், பழுது பார்க்கப் போகிறவர் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார். "சிக்னல் இல்லை சார்" என்று போனில் சொல்லிவிடுகிறார். அதன்பின் எல்லாம் வரிசை மாறாமல் நடக்கும். ஆண்டெனாவைத் திருப்புவார்கள். டவரை மூன்று மீட்டர் உயர்த்துவார்கள். பவரைக் கூட்டுவார்கள். ஒன்றுக்கும் மசியவில்லை என்றால் ரேடியோவையே மாற்றுவார்கள். ரேடியோவுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவே கிடக்கிற அந்த ஒரு முழக் கேபிளைக் கழற்றி, கனெக்டரைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.

கம்பியில்லாத் தொடர்பு என்றால் கோளாறும் கம்பியில்லாத இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை இந்தத் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. அனுபவசாலிகள் அதைச் சொல்கிறார்கள், புதிதாக வருகிறவர்கள் நம்புகிறார்கள், டெண்டர் எழுதுகிறவர்கள் அச்சேற்றுகிறார்கள். கூடவே ஒரு துணை நம்பிக்கை: "அனுப்புவதற்கு முன்னால் மேசையில் வைத்துப் பார்த்தோம், இரண்டு ரேடியோவும் பேசின, ஆகவே கருவியில் குறையில்லை." இரண்டையுமே நான் மறுக்கிறேன். முதலாவது கணக்குக்கு நிற்காது. இரண்டாவது அதைவிட மோசம், ஏனென்றால் சோதனை என்ற பெயரில் அது சோதனையையே ஒழித்துக்கட்டுகிறது.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். 450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் 5 வாட் டேட்டா ரேடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 5 வாட் என்பது 37 டிபிஎம். பத்து கிலோமீட்டர் திறந்தவெளியைக் கடக்கையில் அலை இழப்பது ஏறத்தாழ 105 டெசிபெல். இரு முனையிலும் 6 டெசிபெல் ஆதாயம் தரும் சாதாரண ஆண்டெனா, கேபிள்களில் மொத்தம் 3 டெசிபெல் இழப்பு என்று வைத்தால், எதிர்முனைக்கு வந்து சேர்வது மைனஸ் 60 டிபிஎம்மை ஒட்டி இருக்கும். இந்த வகை ரேடியோக்கள் மைனஸ் 110 வரைக்கும் காது கேட்பவை. ஆக, கையிருப்பு 50 டெசிபெல், அதாவது லட்சம் மடங்கு. நடுவில் தோப்பு, மேடு, கட்டடம் எல்லாம் சேர்ந்து முப்பது டெசிபெல்லை விழுங்கினாலும் இருபது மிஞ்சும். இப்படிப்பட்ட இணைப்பு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் 5 வாட்டை 10 வாட்டாக்கி என்ன பயன்? கிடைப்பது மூன்று டெசிபெல். லட்சம் மடங்கு கையிருப்பு காணாமல் போன இடத்தில் இரண்டு மடங்கைக் கொண்டுவந்து கொட்டுகிறோம்.

சரி, காற்றில் தொலையாதது வேறெங்கே தொலைகிறது?

பெரும்பாலும் பின்களில். ஆர்எஸ்-232 என்கிற தொடர்வரிசை இணைப்புத் தரம் 1960-ல் அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் வெளியிட்டது. அதன் 25 பின் கனெக்டரில் 2-ஆம் பின் அனுப்புவது, 3-ஆம் பின் பெறுவது. 1984-ல் ஐபிஎம் நிறுவனம் தன் ஏடி கணினியோடு கொண்டுவந்த 9 பின் கனெக்டரில் இது அப்படியே தலைகீழ்: 2 பெறுவது, 3 அனுப்புவது. போதாக்குறைக்கு, இந்தப் பெயர்களெல்லாம் கணினியின் பக்கத்திலிருந்து பார்த்து வைத்தவை. மோடமாக நடந்துகொள்ளும் ரேடியோவில், பெறுவது என்று பெயரிட்ட பின்னிலிருந்துதான் டேட்டா வெளியே வருகிறது. 'அனுப்புவதைப் பெறுவதோடு சேர்' என்று பள்ளிக்கூடத் தர்க்கத்தில் குறுக்காகக் கேபிள் கட்டுகிறவர், இரண்டு வெளிவழிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, இரண்டு உள்வழிகளைப் பட்டினி போடுகிறார். ரேடியோவின் விளக்குகள் எல்லாம் எரியும், டேட்டா மட்டும் வராது. அண்ணாந்து பார்க்கும் படலம் தொடங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்க வேண்டாம். மல்டிமீட்டரின் ஒரு முனையை 9 பின் கனெக்டரில் தரைக்கம்பியான 5-ஆம் பின்னில் வையுங்கள், மறுமுனையை 2-லும் 3-லும் மாற்றி மாற்றி வையுங்கள். சும்மா இருக்கும் ஆர்எஸ்-232 கம்பி மைனஸ் 3-க்குக் கீழே, வழக்கமாக மைனஸ் 5-லிருந்து மைனஸ் 12 வோல்ட்டுக்குள் நிற்கும். அது வெளிவழி. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டுவது உள்வழி. ரேடியோவிலும் பாருங்கள், எதிரிலிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியிலும் பாருங்கள். இரண்டு கருவியிலும் ஒரே பின் மைனஸ் காட்டினால் குறுக்குக் கேபிள், வெவ்வேறு பின் காட்டினால் நேர்க் கேபிள். ஆவணத்தைப் புரட்டும் நேரத்தில் முடிந்துவிடும் வேலை. மின்னழுத்தம் பொய் சொல்லாது. கையேட்டில் அச்சான வரைபடம் பல நேரம் சொல்லும்.

இது போனால் போகட்டும், ஒரு நிலையம் மட்டும் ஊமையாகும் பிழை. இன்னொரு வயரிங் பிழை ஊரையே ஊமையாக்கும். பழைய வகை டேட்டா ரேடியோக்கள் பலவற்றில், ஆர்டிஎஸ் என்ற கம்பியில் மின்னழுத்தம் ஏறியதும் டிரான்ஸ்மிட்டர் இயங்கத் தொடங்கும். அலை நிலைப்பட்டதும் சிடிஎஸ் கம்பி வழியே 'இப்போது அனுப்பு' என்ற பதில் வரும். இந்தச் சடங்கு எதற்கு என்று புரியாதவர், கணினிக் கேபிளில் செய்து பழகியபடி ஆர்டிஎஸ்ஸை நிரந்தர மின்னழுத்தம் உள்ள கம்பியோடு குறுக்கிணைத்துவிடுகிறார். அந்த ரேடியோ அலறத் தொடங்கிவிடும், நிறுத்தாது. ஒரே அலைவரிசையில் தலைமை நிலையம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு விசாரிக்கும் அமைப்பில், ஒருவன் வாய் ஓயாமல் கத்தினால் மற்ற நிலையங்கள் அத்தனையும் மடியும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அனுப்பினால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு பல ரேடியோக்களில் உண்டு. அதையும் தொல்லை என்று அணைத்து வைக்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். தலைமை நிலையத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது என்ன? அலைவரிசை முழுக்க இரைச்சல். "வெளி ஆள் யாரோ குறுக்கிடுகிறார்" என்று அலைவரிசை அதிகாரிக்குப் புகார்க் கடிதம் போகும். குறுக்கிடுகிறவர் நம் பெட்டிக்குள்ளேயே ஒரு துண்டுக் கம்பியாக இருக்கிறார்.

மின்சாரக் கம்பியைப் பற்றிப் பேசவே ஆள் கிடையாது. 5 வாட் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும்போது சொற்ப மின்னோட்டத்தில் காலம் தள்ளும். பேச வாய் திறந்ததும் இரண்டு, இரண்டரை ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து ரேடியோவுக்குப் பத்து மீட்டர் தூரம், அரை சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால், போக வர இருபது மீட்டருக்குத் தடை சுமார் 0.7 ஓம். ஒன்றே முக்கால் வோல்ட் வழியிலேயே ஆவியாகிவிடும். 12 வோல்ட் பேட்டரி இருந்தும் ரேடியோவின் வாயிலில் பத்தேகால்தான் நிற்கும். 10.5 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்வதாக உத்தரவாதம் இல்லாத ரேடியோ, பேச ஆரம்பித்த நொடியில் மயங்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழும். கேட்கும்போது எல்லாம் பிரமாதமாக இருக்கும், சிக்னல் அளவும் முழுதாகக் காட்டும். "அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கிறது, நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை; ஆண்டெனாவின் உயரம் போதாது." இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு டவர் உயர்த்தும் மதிப்பீடு தயாராகும். டவரை உயர்த்தினால் பில் போடலாம். கம்பியைத் தடிமனாக மாற்றினால் என்ன பில் போடுவது? கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தவறான கருத்துகள் நீண்டநாள் வாழ்வதற்கு அவற்றால் யாருக்காவது வரும்படி இருப்பதும் ஒரு காரணம்.

இப்போது எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். "நீங்கள் சொல்லும் பிழையெல்லாம் மேசைச் சோதனையிலேயே பிடிபட்டுவிடுமே. நாங்கள் சோதித்துத்தானே அனுப்புகிறோம்" என்கிறார்கள். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மேசையில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு ரேடியோ. இரண்டிலும் குட்டி ஆண்டெனா. ஒரே மின்வழங்கியிலிருந்து இரண்டுக்கும் மின்சாரம். மடிக்கணினியில் நாலு எழுத்து தட்டினால் மறுபக்கம் வருகிறது. 'ஓகே' என்று ஒட்டுத்தாள் ஒட்டிப் பெட்டியில் போட்டாயிற்று.

ஒரு மீட்டரில் 450 மெகாஹெர்ட்ஸ் அலை இழப்பது 25 டெசிபெல் அளவுதான். 37 டிபிஎம்மில் கிளம்பியது 11 டிபிஎம்முக்கு மேல் போய்ச் சேர்கிறது. பத்து கிலோமீட்டர் இணைப்பில் சேர வேண்டியதோடு ஒப்பிட்டால் ஒரு கோடி மடங்கு அதிகம். இந்த வெள்ளத்தில் ரேடியோவின் முன்பகுதி திணறிப்போகும், சேதமாகவும் கூடும். அது ஒருபுறம் இருக்க, ஆண்டெனாக் கேபிளின் நடுக்கம்பி அறுந்து நாற்பது டெசிபெல் போனாலும் இந்தச் சோதனையில் தேறிவிடுவோம். எஸ்எம்ஏ கனெக்டரில் நேர்வகையும் உண்டு, நடுப்பின் இடம் மாறிய வகையும் உண்டு. உரிமம் வேண்டாத ரேடியோக்களில் கண்ட ஆண்டெனாவையும் மாட்டிவிடக்கூடாது என்ற அமெரிக்க விதியால் பெருகியது அந்த இரண்டாவது வகை. துளை உள்ள ஒன்றைத் துளை உள்ள இன்னொன்றோடு சேர்த்துத் திருகினால் மரை அழகாகப் பொருந்தும், கைக்கு இறுக்கமாகவே இருக்கும். உள்ளே நடுக்கம்பி நடுக்கம்பியைத் தொட்டிருக்காது. மேசையில் அதுவும் பேசும், கசிவிலேயே பேசிவிடும். களத்தில் பேசாது. "மேசையில் பேசியதே" என்பதால் காற்று குற்றவாளி ஆகிறது.

பொதுவான மின்வழங்கி செய்யும் துரோகம் இன்னும் நுட்பமானது. கனெக்டரின் 5-ஆம் பின், அதாவது தரைக்கம்பி, சரியாகச் சால்டர் பிடிக்காமல் விட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேசையில் ரேடியோவுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் ஒரே மின்வழங்கி. மைனஸ் கம்பி இரண்டுக்கும் பொது. சிக்னலின் திரும்பும் பாதை அந்த வழியே கிடைத்துவிடுகிறது, சோதனை வெற்றி. களத்தில் கருவிக்கு ஒரு மின்வழங்கி, ரேடியோவுக்குத் தனிப் பேட்டரி. பாதை அறுந்தது. சில நாள் ஈரத்தில் சட்டகம் வழியாகக் கொஞ்சம் பாயும், வெயிலில் நின்றுவிடும். மழையில் வேலை செய்து வெயிலில் செத்துப்போகும் இணைப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் வானிலை மேல் சந்தேகம் வராது? இரண்டு கம்பி போதும் என்று எல்லோரும் சத்தியம் செய்யும் ஆர்எஸ்-485-க்கும் இதே கதைதான். பெறும் கருவி தாங்குவது மைனஸ் 7-லிருந்து பிளஸ் 12 வோல்ட் வரையிலான பொது அழுத்தத்தை மட்டுமே. இரண்டு முனைகளின் தரை அளவு வேறுபட்டால் மூன்றாவது கம்பி இல்லாமல் அது தாக்குப்பிடிக்காது. ஏ எது, பி எது என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாற்றிப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மேசைச் சோதனை என்று நான் சொல்வது வேறு. ஆண்டெனா வேண்டாம். ஒரு ரேடியோவிலிருந்து மற்றதற்குக் கேபிள், நடுவில் அட்டென்யூவேட்டர்கள். 37 டிபிஎம்மை மைனஸ் 80-க்கு இறக்க 117 டெசிபெல் வேண்டும். முதலில் வரும் அட்டென்யூவேட்டர் 5 வாட்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாசனை வரும். நூறு டெசிபெல்லைத் தாண்டினால் ரேடியோக்களின் பெட்டியிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் கசிவது கேபிள் வழியே வருவதைவிட அதிகமாகிவிடும். ஒன்றை உலோகப் பெட்டியிலோ அடுத்த அறையிலோ வைக்க வேண்டும், இரட்டைக் கவசக் கேபிள் வேண்டும். பவரைக் குறைக்க வசதியிருந்தால் குறைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. இரண்டுக்கும் தனித்தனி மின்வழங்கி, தரைப் பொதுவில்லாமல். களத்துக்குப் போகப்போகிற அதே டேட்டாக் கேபிள், அதே நீள மின்கம்பி. இணைத்துவிட்டு, மெய்யான விசாரணைகளை ஓடவிட்டு, ஒவ்வொரு டெசிபெல்லாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பிழை எந்த அளவில் தொடங்குகிறதோ அந்த எண்ணை ரேடியோவின் மேல் எழுதி ஒட்ட வேண்டும். ஒரே ரகத்தில் பத்து ரேடியோக்களைப் பார்த்தால் ஒன்பது ஒரே இடத்தில் தடுக்கும். பத்தாவது பத்து டெசிபெல் முன்பே தடுக்கினால் அதன் காது மந்தம். ஓடும்போதே கனெக்டர்களைப் பிடித்து ஆட்டவும் வேண்டும். அரைகுறையாகக் கிரிம்ப் செய்தது அப்போதே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தலைமைக் கருவி எவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருக்கிறது என்பதும் இந்த மேசையில்தான் தெரியும். 1979-ல் மோடிகான் நிறுவனம் உருவாக்கிய மோட்பஸ், அதன் ஆர்டியு வடிவத்தில், மூன்றரை எழுத்து நேரம் அமைதியாக இருந்தால் செய்தி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். 9600 வேகத்தில் அது 4 மில்லிவினாடி. ரேடியோ செய்தியைத் துண்டாக்கி அனுப்புகையில் நடுவே அதைவிட நீண்ட இடைவெளி விழுந்தால், ஒரு செய்தி இரண்டு அரைச் செய்திகளாகிக் குப்பைக்குப் போகும். அமைப்பில் ஒரு எண்ணை மாற்றினால் தீரும் இந்தக் குறையையும் காற்றின் கணக்கில் எழுதித்தான் பார்த்திருக்கிறேன்.

ஆண்டெனாக் கேபிளையும் களத்தில் வைத்துச் சோதித்தால் ஏமாற்றும். கீழே நின்று வாட்மீட்டரைப் பொருத்தி, போகும் பவர், திரும்பும் பவர் இரண்டையும் பார்ப்பது வழக்கம். திரும்புவது குறைவு என்றால் ஆண்டெனா நலம் என்பார்கள். 450 மெகாஹெர்ட்ஸில் முப்பது மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் பத்து டெசிபெல் அளவுக்கு விழுங்கும். போகும்போது பத்து, மேலே முட்டித் திரும்பும்போது பத்து. ஆக, மேலே ஆண்டெனாவே இல்லாவிட்டாலும் கீழே திரும்பி வருவது நூற்றில் ஒரு பங்குதான். மீட்டர் "பிரமாதம்" என்று சொல்லும். தண்ணீர் புகுந்துவிட்ட நல்ல ரகக் கேபிளும் இதே நற்சான்றிதழை வாங்கிக் கொடுக்கும். கேபிள் எவ்வளவு கெடுகிறதோ அவ்வளவு நன்றாக மீட்டர் காட்டும். கேபிளைக் கழற்றி, மறுமுனையில் 50 ஓம் டம்மி லோடு மாட்டி, உள்ளே போவதையும் அங்கே போய்ச் சேர்வதையும் அளந்தால்தான் உண்மை தெரியும்.

மேசையில் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. பக்கத்து டவரின் குறுக்கீடு, பருவத்துக்குப் பருவம் அடர்ந்து வளரும் மரங்கள், மின்னல், ஏரி நீர்ப்பரப்பிலிருந்து எதிரொலிக்கும் அலை — இவை எதையும் அட்டென்யூவேட்டரால் உருவாக்கிக் காட்ட முடியாது. காற்றும் சில நேரம் குற்றவாளிதான். ஆனால் மற்றவர்களை விசாரித்து விடுவித்த பிறகுதான் அதன் மேல் குற்றம் சாட்ட முடியும்.

இதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2000-ல் நடந்ததைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மரூச்சி வட்டாரத்தில் 142 கழிவுநீர் ஏற்று நிலையங்கள் ரேடியோவால் இணைக்கப்பட்டிருந்தன. இயங்க வேண்டிய நேரத்தில் பம்புகள் இயங்கவில்லை, அபாய அறிவிப்புகள் வரவில்லை, தொடர்பு அறுந்து அறுந்து போனது. புதிதாக நிறுவிய அமைப்பு, கோளாறு சகஜம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்திருக்க முடியும். விசாரணைக்கு அமர்த்தப்பட்ட பொறியாளர் வலையில் ஓடும் ஒவ்வொரு செய்தியையும் பதிவு செய்தார். தொல்லைச் செய்திகள் 14-ஆம் நிலையத்திலிருந்து வருவதுபோல் தெரிந்தது. அந்த நிலையத்துக்குப் போய்க் கருவியைச் சோதித்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. கருவி நிரபராதி என்று உறுதியான பிறகுதான் அடுத்த அடியை வைக்க முடிந்தது: அந்த நிலையத்தின் அடையாள எண்ணை 3 என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகும் 14 என்ற பெயரில் வருவது போலி. அந்த அமைப்பை நிறுவிய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், காரில் ரேடியோவும் மடிக்கணினியும் கட்டுப்பாட்டுக் கருவியும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் கலந்திருந்தது. 2001 அக்டோபரில் அவருக்கு இரண்டு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. "சிக்னல் கோளாறு" என்று டவரை உயர்த்தியிருந்தால் அவருக்கு இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கும்.

"இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாம் ஈதர்நெட், மாட்டினால் ஓடும்" என்று முடிக்கப் பார்க்கிறார்கள் சிலர். ரேடியோவில் ஈதர்நெட் வந்துவிட்டது, உண்மை. ஓட்டமானியும் அழுத்தமானியும் பல இடங்களில் இன்னும் ஆர்எஸ்-485 பேசிக்கொண்டிருக்கின்றன; கம்பி இடம் மாறியிருக்கிறதே தவிர, ஒழியவில்லை. ஈதர்நெட் கேபிள் வழியே மின்சாரம் தருவதிலும் இரண்டு ஜாதி: கேட்டுவிட்டு 48 வோல்ட் தருவது, கேளாமலே 24 வோல்ட்டைக் கொட்டுவது. கனெக்டர் இரண்டுக்கும் ஒன்றே. எந்தப் பெட்டி எதை எதிர்பார்க்கிறது என்று களத்தில் புகை வந்து தெரிந்துகொள்வதா, மேசையில் மீட்டர் வைத்துத் தெரிந்துகொள்வதா என்பது செலவு செய்கிறவர் பாடு.

ஒப்படைப்புப் படிவங்களைப் புரட்டினால் 'சிக்னல் அளவு' என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதே தாளில் இன்னும் மூன்று கட்டம் போட இடம் இருக்கிறது: மேசையில் எத்தனை டெசிபெல்லில் பிழை தொடங்கியது, ரேடியோ பேசும்போது அதன் வாயிலில் எத்தனை வோல்ட், டேட்டாக் கேபிளைக் கட்டியவர் யார். மூன்றாவது கட்டத்துக்குத்தான் எதிர்ப்பு பலமாக இருக்கும்.